மருத்துவ பீட வாசலில் மூன்று அளவுகோல்கள்

இலங்கையில் மருத்துவராக விரும்பும் ஒருவரின் முன் இன்று மூன்று அளவுகோல்கள் நிற்கின்றன. அரச பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி. பணம் கட்டி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவருக்கு, உயர்தரப் பரீட்சையில் இரண்டு ‘சி’யும் ஒரு ‘எஸ்’ஸும். அவர் பட்டத்தோடு நாடு திரும்பும்போது, ஈ.ஆர்.பி.எம். என்று எல்லோரும் அழைக்கும் பதிவுப் பரீட்சை. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. மருத்துவக் கல்வியின் அனுமதித் தரம் தாழ்ந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு, பல பத்தாண்டுகளாக இந்தத் தூரத்தை வைத்தே எழுப்பப்படுகிறது. குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் அது சுட்டிக்காட்டும் இடம் பெரும்பாலும் தவறானது.

இசட் புள்ளி 2000களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்த முறை அது. ஒரு பாடத்தில் ஒரு மாணவர் பெற்ற புள்ளி, அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலால் வகுத்துக் கண்டு, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுப்பார்கள். வினாத்தாள் ஒரு பாடத்தில் கடினமாகவும் இன்னொன்றில் இலகுவாகவும் அமைந்துவிட்டால் அந்த ஏற்றத்தாழ்வை இது சமன்செய்கிறது. பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் தோற்றியவர்களை 2011ஆம் ஆண்டுப் பரீட்சைக்கு ஒரே கூட்டமாகக் கணக்கிட்டபோது ஏற்பட்ட குழப்பம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2012இல் கணக்கைத் திருத்திச் செய்ய வேண்டி வந்தது. அந்த ஒரு சம்பவத்தைத் தவிர்த்தால், முறை என்ற அளவில் இசட் புள்ளி நேர்மையானது.

நேர்மையான அந்த எண் எதை அளக்கிறது என்பதில்தான் குழப்பம். கொழும்பு மாவட்டத்தில் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி பெரும்பாலும் 2ஐத் தாண்டியே நிற்கிறது. மருத்துவம் படிக்க இவ்வளவு அறிவு தேவை என்று யாரோ ஆராய்ந்து வகுத்த எல்லை அல்ல இது. நாடு முழுவதும் உள்ள ஏறத்தாழ 2,000 இடங்களில் அந்த மாவட்டத்துக்குரிய கடைசி இடத்தைப் பெற்றவரின் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. இடங்கள் கூடினால் அது இறங்கும், குறைந்தால் ஏறும். றஜரட்டை, கிழக்கு, சப்ரகமுவ, வயம்ப, மொறட்டுவை என்று 2005க்குப் பின் புதிய மருத்துவ பீடங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டபோது, முந்தைய எண்ணிக்கையில் இடம் கிடைத்திராத மாணவர்கள் உள்ளே வந்தார்கள். தரம் விழுந்தது என்று அதற்காக யாரும் வீதியில் இறங்கவில்லை. இறங்கத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் அந்த மாணவர்கள் முன்பும் தகுதியோடுதான் இருந்தார்கள். இடம்தான் இருக்கவில்லை.

பங்கீட்டு விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நூற்றுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா போன்ற மாவட்டங்களின் வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் கணிசமாகத் தாழ்ந்திருப்பது இதனால்தான். மூன்று தடவை மட்டுமே தோற்றலாம். பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாரோ அந்த மாவட்டத்துக்கே மாணவர் உரியவர். வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்துக்குக் கடைசி நேரத்தில் இடம்பெயர்ந்து வாய்ப்பைத் தேடுவதைத் தடுக்கவே இந்தக் கடைசி விதி.

கொழும்புத் தமிழரை இந்த விதி இரண்டு விதமாகத் தொடுகிறது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் போர்க்காலத்தில் வந்து வெள்ளவத்தையில் தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் கொழும்பு மாவட்டக் கணக்கில் சேர்கிறார்கள். றோயல், விசாகா போன்ற பாடசாலைகளின் பிள்ளைகளோடு அவர்கள் போட்டியிட வேண்டும். சைவ மங்கையர் வித்தியாலயத்திலோ பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலோ படிக்கும் ஒரு பிள்ளைக்குப் பின்னால் ஆசிரியர் வீடும் ரியூசன் வகுப்பும் இருந்தால் இந்தப் போட்டி கடினமானது, ஆனால் நடக்கக்கூடியது. கொட்டாஞ்சேனையில் நிலைமை வேறு. விவேகானந்தா மேட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் நாட்கூலிக் குடும்பங்கள் நிறைய. அங்கே ஒரே அறையில் படித்து, மூன்று பாடங்களுக்கும் மாதாமாதம் வகுப்புக் காசு கட்ட முடியாமல் பரீட்சைக்குப் போகும் பிள்ளையும் ‘வசதியான கொழும்பு மாவட்டம்’ என்றே எண்ணப்படுகிறது. மாவட்ட ஒதுக்கீடு நிலப்பரப்பைப் பார்க்கிறது, வீட்டைப் பார்ப்பதில்லை. தலைநகரத்தின் வறுமை அதன் கண்ணுக்குத் தெரியாது.

அனுமதித் தரம் என்ற பேச்சு தமிழரிடையே எழும்போது 1970களின் நினைவு கூடவே வரும். 1971 அனுமதியில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவர் 400க்கு 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்களமொழி மூலம் தோற்றியவருக்கு 229 போதுமாக இருந்தது. ஒரே பீடத்துக்கு, ஒரே ஆய்வுகூடத்துக்கு இரண்டு எல்லைகள். பிறகு மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 முதல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. யாழ்ப்பாணத்து மாணவர் பெருமளவில் வாய்ப்பை இழந்தனர். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: மாவட்ட ஒதுக்கீட்டால் மன்னார், வவுனியா, மட்டக்களப்புத் தமிழ் மாணவருக்குக் கதவு திறந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் காயம் ஆறாததற்குக் காரணம், அளவுகோலை மாற்றியவர்கள் அதை இன அடையாளத்தோடு பொருத்தியதுதான். வாய்ப்புக் குறைந்தவருக்கு இடம் கொடுப்பது வேறு, மொழியைப் பார்த்து எல்லை வகுப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தது அன்றைய அரசு.

இனி இரண்டாவது அளவுகோல். மருத்துவக் கல்விக்கான குறைந்தபட்சத் தரங்களை நிர்ணயிக்கும் ஒழுங்குவிதிகள் 2018 சனவரியில் வர்த்தமானியில் வெளியாயின. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றில் ஒரே தடவையில் இரண்டு திறமைச் சித்தியும் ஒரு சாதாரண சித்தியும் என்பது அதன் சாரம். உயர்தரத்தில் ‘சி’ என்றால் 55 முதல் 64 வரை, ‘எஸ்’ என்றால் 35 முதல் 54 வரை. ஆக, 55, 55, 35 எடுத்த ஒருவர் சட்டப்படி மருத்துவம் படிக்கலாம். மூன்று ‘ஏ’ எடுத்தும் கொழும்பில் வெட்டுப்புள்ளியைத் தொடாதவர் அரச பீடத்தில் படிக்க முடியாது. ஒன்று பங்கீடு, மற்றது தகுதி என்று விளக்கிச் சொன்னாலும், மூன்று ‘ஏ’யோடு வீட்டில் இருக்கும் பிள்ளையின் தாய்க்கு அது ஆறுதல் தராது.

இந்த எல்லை தாழ்ந்ததா? கொஞ்சம் தாழ்ந்ததுதான். அந்த ஒரு ‘எஸ்’ இரசாயனவியலில் 35ஆக விழுந்தால், முதலாம் ஆண்டு உயிர்இரசாயனவியலும் பின்னால் வரும் மருந்தியலும் படிக்க அடித்தளம் மெலிந்துபோகும். இரசாயனவியலிலும் உயிரியலிலும் ‘சி’ கட்டாயம் என்று விதியை இறுக்குவதில் தவறில்லை. ஆனாலும் சட்டம் எழுதிவைத்த ஒரு அடித்தளம் இருப்பதே ஒரு முன்னேற்றம். அதற்கு முன்பு எல்லைகள் மருத்துவ சபைக்கும் அமைச்சுக்கும் இடையிலான இழுபறியில் கிடந்தன.

உயர்தரப் புள்ளி ஒருவர் எப்படிப்பட்ட மருத்துவராவார் என்பதை எவ்வளவு தூரம் முன்கூட்டிச் சொல்கிறது? இதற்குப் பிற நாடுகளில் நல்ல ஆய்வுகள் உண்டு. ஃபெர்குசன் குழுவினர் 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட தொகுப்பாய்வு, மருத்துவ மாணவரின் பட்டப்படிப்புப் பெறுபேற்றில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 23 வீதத்தையே முந்தைய கல்விப் புள்ளிகள் விளக்குகின்றன என்று காட்டியது. பட்டத்துக்குப் பிந்தைய திறமையில் அது 6 வீதமாகச் சுருங்கியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவப் பாடசாலை, சிறப்புச் சலுகையோடு அனுமதித்த மாணவரை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தது. அவர்களில் 94 வீதத்தினர் பட்டம் பெற்றனர், வழக்கமான வழியில் வந்தவரில் 98 வீதத்தினர். தேர்வுப் புள்ளிகளில் பின்னவர் முந்தி நின்றாலும், பட்டத்தின் பிறகான பயிற்சிக் காலத்தில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே மாதிரியே தேறினர்.

இன்னொரு சம்பவம் தற்செயலாக அமைந்த பரிசோதனை. டெக்சாஸ் சட்டமன்றம் 1979இல், ஹியூஸ்டன் மருத்துவப் பாடசாலை தன் அனுமதியை முடித்துவிட்ட பிறகு, மேலும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது. நேர்முகத் தேர்வில் பின்தள்ளப்பட்டு வேறு இடமும் கிடைக்காமல் மிஞ்சியிருந்தவர்களே பெரும்பாலும் அந்த ஐம்பது பேராக உள்ளே வந்தார்கள். படிப்பிலும் பயிற்சியிலும் அவர்கள் முதலில் தெரிவானவரைவிடப் பின்தங்கவில்லை.

இந்த ஆய்வுகளை வைத்துப் புள்ளியே வேண்டாம் என்று முடிவுகட்டுவது பிழை. இவை எல்லாம் ஏற்கெனவே நன்றாக வடிகட்டப்பட்ட மாணவருக்குள் நடந்தவை. 35 புள்ளியும் 90 புள்ளியும் ஒன்றென்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஓர் எல்லைக்கு மேலே உள்ள சிறு வித்தியாசங்கள் மருத்துவரின் திறமையைத் தீர்மானிப்பதில்லை என்பதே அவை காட்டுவது. அந்த எல்லைக்குக் கீழே இருப்பவரையும் கைவிட வேண்டியதில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி 2001இல், வசதி குறைந்த அரச பாடசாலைகளின் பிள்ளைகளைக் குறைந்த பெறுபேற்றோடு எடுத்து, ஓராண்டு கூட்டி ஆறு ஆண்டுகளில் படிப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இறுதித் தேர்வு மற்ற மாணவருக்கு உள்ளதே. வாசலில் இளகி, வெளியேறும் இடத்தில் இளகாமல் நின்றது அந்தத் திட்டம்.

இலங்கையின் சொந்த அனுபவமும் இதையே சொல்கிறது. நாட்டின் முதலாவது தனியார் மருத்துவக் கல்லூரியான வடகொழும்பு மருத்துவக் கல்லூரி 1980களின் தொடக்கத்தில் ராகமவில் இயங்கத் தொடங்கியது. அரச பீடங்களில் இடம் கிடைக்காதவர்கள் பணம் கட்டி அங்கே படித்தனர். அவர்கள் எழுதியது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகள். ஜே.வி.பி. சார்பு மாணவர் இயக்கங்களின் கடும் எதிர்ப்புக்கிடையே 1989இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. பின்னர் அது களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடமாயிற்று. அக்கல்லூரியில் படித்துத் தேறியவர்கள் இந்நாட்டு வைத்தியசாலைகளில் மருத்துவர்களாகப் பணியாற்றினார்கள். கொழும்பு மாணவர் எழுதிய பரீட்சையை எழுதித் தேறியதால் அவர்கள் தகுதியை ஐயுறுவது கடினமாக இருந்தது.

மாலபேயில் நடந்தது இதற்கு மாறானது. டொக்டர் நெவில் பெர்னாண்டோ நிறுவிய தனியார் நிறுவனமான சைட்டம், 2011இல் மருத்துவப் பட்டம் வழங்கும் உரிமையை வர்த்தமானி மூலம் பெற்றது. அதன் பட்டதாரிகளைப் பதிவுசெய்ய இலங்கை மருத்துவ சபை மறுத்தது. 2017 சனவரி 31இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிவுசெய்யுமாறு தீர்ப்பளித்தது. அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் வேலைநிறுத்தங்களில் இறங்கியது. மருத்துவ பீட மாணவர்கள் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தார்கள். பல மாதங்கள் பீடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் சைட்டத்தைக் கலைப்பதாக அரசு அறிவித்தது. 2018இல் மாணவர்கள் சட்டமொன்றின் வழியாகக் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

அந்தப் போராட்டத்தில் உரத்து ஒலித்தது ‘பணம் கொடுத்துப் பட்டம்’ என்ற கோஷமும், அங்கு சேர்ந்தவரின் உயர்தரப் பெறுபேறும்தான். மருத்துவ சபையின் ஆட்சேபத்தில் கனமானது வேறொன்று: நோயாளரிடையே பெறும் பயிற்சி போதாது. கட்டணம் கட்டி வருகிற நோயாளரை வைத்து நடத்தும் தனியார் வைத்தியசாலையில், மாணவர் பிரசவம் பார்க்கவும், சட்டமருத்துவப் பரிசோதனை காணவும், விபத்துப் பிரிவில் இரவு நிற்கவும் எத்தனை வாய்ப்பு இருக்கும்? கொழும்புத் தேசிய வைத்தியசாலை வாட்டில் ஒரு மாணவர் ஒரு வாரத்தில் காணும் நோய்களின் வகைக்கு ஈடாக எந்த அனுமதிப் புள்ளியும் வராது. மூன்று ‘ஏ’ எடுத்தவரை நோயாளர் இல்லாத வைத்தியசாலையில் ஐந்து ஆண்டு வைத்திருந்தாலும் மருத்துவராக மாட்டார். இந்த வாதம் கோஷங்களுக்கு அடியில் புதைந்துபோனது நாட்டுக்கு நட்டம். புதைந்துபோனதால்தான், சைட்டம் மூடப்பட்ட பிறகும் அதே நெருக்கடி தீரவில்லை. ரஷ்யா, சீனா, பங்களாதேஷ், நேபாளம் என்று போகும் மாணவர் தொகை குறையவில்லை. உள்நாட்டில் நிறுத்தப்பட்ட வழி, வெளிநாட்டுச் செலாவணியாக வெளியே ஓடியது.

வெள்ளவத்தைக் காலி வீதியில் வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு ஆள்சேர்க்கும் முகவர்களின் விளம்பரங்களைக் காணாமல் நடக்க முடியாது. 2022இல் ரூபாய் வீழ்ந்து டொலர் 200இலிருந்து 360 வரை ஏறியபோது, படிப்பின் நடுவில் இருந்த பிள்ளைகளின் கட்டணம் ரூபாய்க் கணக்கில் இரட்டிப்பை நெருங்கியது. நகையும் காணியும் விற்ற குடும்பங்கள் பல. இரண்டு ‘சி’, ஒரு ‘எஸ்’ என்ற எல்லைக்கும் இசட் புள்ளி 2க்கும் நடுவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களில் யார் மருத்துவராவது என்பதை இன்று தீர்மானிப்பது அறிவோ விருப்போ அல்ல, தகப்பனின் வங்கிக் கணக்கு. அனுமதித் தரம் பற்றி யாராவது கோபப்பட வேண்டுமென்றால் கோபப்பட வேண்டிய இடம் இது. கொட்டாஞ்சேனையில் இரண்டு ‘பி’, ஒரு ‘சி’ எடுத்தவளுக்கு வழி இல்லை, அவளைவிடக் குறைந்த புள்ளியோடு வசதியுள்ளவருக்கு வழி உண்டு என்ற நிலையை எந்தத் தரக் கோட்பாட்டாலும் நியாயப்படுத்த முடியாது.

தமிழ்நாடு இதற்கு ஒரு விடையைக் கண்டது. அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிகளில் அரிதாகிப்போனதால், 2020இல் நீட் தேறிய அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 வீத உள்ஒதுக்கீடு சட்டமாயிற்று. நிலப்பரப்பைப் பார்க்காமல் பாடசாலையைப் பார்க்கும் ஒதுக்கீடு அது. கொழும்பு மாவட்டத்துக்குள்ளேயே வசதி குறைந்த பாடசாலைகளுக்கு இப்படி ஒரு சிறு பங்கை ஒதுக்குவதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆராய வேண்டும். அதே இந்தியா எச்சரிக்கையும் தருகிறது. பட்டமேற்படிப்புக்கான நீட் தேர்வில் 2023 செப்டெம்பரில், நிரம்பாத இடங்களை நிரப்புவதற்காகத் தகுதி எல்லை பூச்சிய சதமானமாக இறக்கப்பட்டது. தேர்வுக்கு வந்திருந்தாலே தகுதி என்றாயிற்று. இடத்தை நிரப்ப எல்லையை அழிப்பதும், இடம் இல்லாததால் எல்லையை வானத்தில் வைப்பதும் ஒரே தவறின் இரு முனைகள்.

இலங்கையில் வேறொரு வாசல் திறக்கப்படவேயில்லை. அமெரிக்காவில் மருத்துவம் பொதுவாக ஒரு பட்டத்துக்குப் பிறகே தொடங்குகிறது. அவுஸ்திரேலியாவில் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1996இல் பட்டதாரிகளுக்கான நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. லண்டன் செயின்ட் ஜோர்ஜ் 2000இல் எந்தத் துறைப் பட்டதாரிக்கும் கதவைத் திறந்தது. பதினெட்டு வயதில் ஒரு பரீட்சையில் தவறியவர் இருபத்திரண்டில் திரும்பிவர அங்கே வழி இருக்கிறது. இங்கே மூன்றாம் தடவை முடிந்தால் எல்லாம் முடிந்தது. விஞ்ஞான பீடத்தில் முதல் வகுப்பில் தேறிய ஒருவருக்கோ, பல ஆண்டு வாட்டில் நின்ற ஒரு தாதிய பட்டதாரிக்கோ, அரச மருத்துவ பீடத்தில் ஓர் இடம்கூட ஒதுக்கப்படவில்லை. அப்படி வருவோர் உயர்தரப் புள்ளியில் தாழ்ந்திருக்கலாம். நோயாளியின் பக்கத்தில் நிற்கும் உறுதியை அவர்கள் ஏற்கெனவே நிரூபித்திருப்பார்கள்.

மூன்றாவது அளவுகோல் வெளியேறும் வாசலில் இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டதாரி ஈ.ஆர்.பி.எம். தேறினால்தான் உள்ளகப் பயிற்சிக்குப் போகலாம். எழுத்தும் நோயாளரை வைத்துச் செய்யும் செய்முறையும் கொண்ட கடினமான பரீட்சை அது. முதல் தடவையில் தவறிப் பல தடவை எழுதுவோர் உண்டு. அரச பீட மாணவர் தத்தமது பீடத்தின் இறுதிப் பரீட்சையோடு பதிவு பெறுகிறார்கள். ஒரே நோயாளியைப் பார்க்கப்போகும் இரண்டு மருத்துவரை இரண்டு பரீட்சைகள் அளக்கும்வரை, யார் தரம் தாழ்ந்தவர் என்ற சந்தேகம் இரு பக்கமும் தங்கியிருக்கும். பிரித்தானியா 2024 முதல் தன் சொந்தப் பட்டதாரிகளையும் வெளிநாட்டவரையும் ஒரே உரிமத் தகுதி மதிப்பீட்டின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. இந்தியா 2019ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் ‘நெக்ஸ்ட்’ என்ற பொது வெளியேறு தேர்வை எழுதிவைத்து, நடைமுறைப்படுத்துவதைத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறது. இலங்கைக்கு அதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது: மருத்துவ சபையிடம் பரீட்சை உண்டு, பீடங்களிடம் பரீட்சகர்கள் உண்டு, வாட்டுகளில் நோயாளர் உண்டு. கொழும்பு, யாழ்ப்பாணம், மாஸ்கோ என்று பாராமல் எல்லோரும் ஒரே மேசைக்கு முன் உட்கார வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டால், வாசலில் உள்ள எல்லை 55ஆ 65ஆ என்ற சண்டையின் சூடு பெருமளவு தணிந்துவிடும்.